தொண்டைக் கோடும் ஒரு வாக்கெடுப்பும்

"மலையில பார்த்தா பெஸ்ரா, கீழ பார்த்தா வல்லூறு. அவ்வளவுதான் சார்." பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நான் போட்ட படத்துக்கு ஒரு தம்பி எழுதிய பதில் இது. பெஸ்ரா, வல்லூறு இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும் சின்ன வேட்டைப் பறவைகள். கிண்டலாக எழுதவில்லை, உதவியாகத்தான் எழுதினார். கீழே இரண்டு கைதட்டல், ஒரு கட்டைவிரல். குழு அடுத்த படத்துக்குப் போய்விட்டது. எனக்குத்தான் அந்த வரி இறங்கவே இல்லை. கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று கேட்டாலே பெயர் வந்துவிடும் என்றால் பறவையை எதற்குப் பார்க்க வேண்டும்? ஜிபிஎஸ் போதுமே.

படத்தில் இருந்தது எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்த ஒரு இளம் பறவை. எங்கள் வீடு கோத்தகிரி டவுனுக்குக் கொஞ்சம் கீழே, சரிவில் இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 1,800 மீட்டர். பின்னால் ஒரு பேரிக்காய் மரம், அதை ஒட்டி மேரக்காய்ப் பந்தல், வேலி தாண்டினால் தேயிலை, தேயிலைக்கு நடுவே சில்வர் ஓக். ஜூன் மாதம். கூடலூர்ப் பக்கம் மழை வெளுத்துக்கட்டும்போது எங்களுக்குச் சாரலும் மூடுபனியும்தான் கிடைக்கும். எங்கள் மழை ஐப்பசியில்தான். அன்று காலையில் கொண்டைக்குருவிகள் ஒரே கூச்சல். போய்ப் பார்த்தால் பேரிக்காய் மரத்தின் நடுக்கிளையில், தண்டை ஒட்டி, மைனாவைவிடப் பெரியதாக, காக்கையைவிடச் சிறியதாக ஒன்று உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்தது. பறக்கவில்லை. ஆளைக் கண்டால் பறக்க வேண்டும் என்பதே அதற்கு இன்னும் பழகவில்லை போல.

முதுகு பழுப்பு. ஒவ்வொரு இறகின் ஓரத்திலும் வெளிறிய செம்பழுப்பு விளிம்பு. இந்த விளிம்பு புது இறகில்தான் பளிச்சென்று இருக்கும், நாள் போகப் போகத் தேய்ந்துவிடும். மார்பு வெள்ளை, அதில், வெள்ளை வேட்டியில் டீ சொட்டியது போல, மேலிருந்து கீழாக நீண்ட பழுப்புச் சொட்டுகள். தொடைக்கு வரும்போது சொட்டு சின்னதாகிப் புள்ளியாகிவிட்டது. கண் வெளிர் மஞ்சள். தொண்டை நடுவே நெட்டுக்குத்தாக ஒரு கருங்கோடு. இந்தக் கோடுதான் பிறகு எல்லா வம்புக்கும் காரணம்.

அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா வந்துவிட்டார். மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். ஆண்டுகள் பல ஆனாலும் மலைக்குளிரைத் திட்டுவதை விடவில்லை. அவருடைய கோழி அப்போதுதான் குஞ்சு பொரித்திருந்தது. "தம்பி, போட்டோ அப்புறம் எடுக்கலாம், முதல்ல அந்தப் பருந்தை வெரட்டி விடுங்க" என்றார். பருந்து இல்லை அக்கா, வல்லூறு ஜாதி, குஞ்சு, அடித்தால் கேஸ் ஆகும், 1972 வனவிலங்குச் சட்டத்தில் இது முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு உள்ள பாதுகாப்பு இதற்கும் உண்டு என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். "அப்ப கோழிக்குஞ்சுக்கு எந்த அட்டவணை?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

படங்களைக் குழுவில் போட்டேன். வந்த பதில்களில் பாதி பெஸ்ரா, பாதி வல்லூறு. யாரோ ஒருவர் வாக்கெடுப்பு வைத்துவிட்டார். ஒரு பறவை என்ன இனம் என்பதற்குத் தேர்தல் நடத்துவது எனக்கு அதுவரை பழக்கமில்லை. சாயங்காலத்துக்குள் முக்கால்வாசிப் பேர் பெஸ்ராவுக்குப் போட்டிருந்தார்கள். காரணம் கேட்டபோது வந்ததுதான் அந்த வரி.

யாரெல்லாம் இல்லை

வேட்டைப் பறவைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும்: புத்தகத்தில் வளர்ந்த பறவையைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள், இளசை ஒரு மூலையில் சின்னதாக. வளர்ந்ததைப் பார்த்து மனப்பாடம் பண்ணிவிட்டுக் களத்துக்குப் போனால் வருவதெல்லாம் மூலைப் படங்கள்தான். அதுவும் இந்த வல்லூறுக் கூட்டத்தில் எல்லா இளசுகளும் ஒரே பழுப்பு, ஒரே வெள்ளை மார்பு. அதனால் நான் முதலில் "இது எது" என்று கேட்பதில்லை. எதுவெல்லாம் இல்லை என்று கழித்துக்கொண்டு வருவேன்.

குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் ஸ்பேரோஹாக் முதலில் போயிற்று. ஜூனில் அதற்கு இங்கே வேலை இல்லை. தவிர, அதன் இளசுக்கு மார்பில் குறுக்குக் கோடுகள். நம் மரத்தில் இருந்ததற்கு நெடுக்குச் சொட்டுகள். கொண்டை வைத்த கோஷாக்கும் இல்லை: அது இதைவிடத் தடியான பறவை, கால் உருளையாக இருக்கும், உட்கார்ந்திருக்கும்போது சிறகின் நுனி வாலின் தொடக்கத்தைத் தாண்டினால் பெரிய விஷயம்.

கொஞ்சம் நின்று யோசிக்க வைத்தது அக்காக்குயில்தான். சிரிக்க வேண்டாம். வளர்ந்த அக்காக்குயில் வளர்ந்த வல்லூறைப் போலவே சாம்பல் முதுகும் பட்டை வாலுமாக இருக்கும். அதன் இளசு இளம் வல்லூறைப் போலவே மார்பில் சொட்டுச் சொட்டாக இருக்கும். அப்பாவுக்கு அப்பா வேஷம், பிள்ளைக்குப் பிள்ளை வேஷம். பறக்கும் விதமும் அதே மாதிரி: நாலு சிறகடி, ஒரு சறுக்கல், கிளையில் போய் உட்காரும்போது வாலை இப்படியும் அப்படியும் ஆட்டும். தவிட்டுக்குருவிகளே ஏமாறும்போது நாம் எம்மாத்திரம். ஆனால் காலைப் பார்த்தால் முடிந்தது. குயிலுக்கு முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல், நகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அலகும் நேராகப் போய் நுனியில் மட்டும் லேசாக வளையும். பேரிக்காய் மரத்தில் இருந்தது கிளையைப் பிடித்திருந்த விதத்தில் பின்விரல் நகம் பட்டைக்குள் இறங்கியிருந்தது. அலகு அடியிலிருந்தே வளைந்திருந்தது. சரி, குயில் இல்லை.

மிச்சம் இரண்டு. வல்லூறும் பெஸ்ராவும்.

கோடு எவ்வளவு தடிமன்

பெஸ்ராவின் அடையாளம் என்று எல்லோரும் முதலில் சொல்வது தொண்டைக் கோடு. நடுத் தொண்டையில் கறுப்பாக, அகலமாக இறங்கும். வல்லூறுக்கும் கோடு உண்டு, ஆனால் வளர்ந்த பறவையில் அது மங்கி, சாம்பல் நிழலாகத்தான் தெரியும். இளம் வல்லூறில்தான் சிக்கல்: அதற்குக் கோடு தெளிவாகவே இருக்கும். வளர்ந்த வல்லூறை மட்டும் பார்த்துப் பழகியவர் இளசின் கோட்டைப் பார்த்ததும் "ஆகா, பெஸ்ரா" என்று குதிப்பது இதனால்தான். குழுவில் விழுந்த வாக்குகளில் பெரும்பாலானவை இந்தக் கோட்டுக்கு விழுந்தவை, மீதி உயரத்துக்கு.

நான் எடுத்த படங்களையே வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒன்றில் அது கழுத்தை உள்ளிழுத்து, சாரலுக்குக் குறுகி உட்கார்ந்திருக்கிறது. கோடு தடியாக, பெஸ்ராதான் என்று சத்தியம் பண்ணலாம் போல இருக்கிறது. அடுத்ததில் கொண்டைக்குருவி தலைக்கு மேலே பாய, கழுத்தை நீட்டி அண்ணாந்து பார்க்கிறது. அதே கோடு மெலிந்து, பென்சில் கோடாகிவிட்டது. இறகுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நின்றால் நிறம் அடர்த்தியாகும், விரிந்தால் வெளிறும். மூடுபனியில் எடுத்த படத்தை நான் கொஞ்சம் கருக்கியும் விட்டிருந்தேன். குழுவில் போட்டது முதல் படம். இரண்டாவதைப் போட்டிருந்தால் தேர்தல் முடிவு வேறாக இருந்திருக்கலாம். ஒரே பறவைதான், ஒரே காலைதான்.

ஆக, கோடு மட்டும் போதாது. பார்க்க வேண்டியது வாலை. இளம் வல்லூறின் வாலில் கறுப்புப் பட்டைகள் மெல்லியவை, அவற்றுக்கு நடுவே இருக்கும் வெளிர் இடைவெளி அகலமானது. பெஸ்ராவுக்குக் கறுப்புப் பட்டையே இடைவெளிக்குச் சமமான அகலம் இருக்கும், எண்ணிக்கையும் குறைவு. அடுத்தது கால். வல்லூறின் கால் குட்டை, விரல்களும் குட்டை. பெஸ்ராவின் கால் குச்சி, நடுவிரல் மட்டும் அளவுக்கு மீறி நீளம். குருவிகளைப் பறக்கும்போதே எட்டிப் பிடிப்பதற்கு வாகாக. உட்கார்ந்திருக்கும்போது மடித்த சிறகின் கூர்நுனி வல்லூறில் நன்றாக நீண்டு தெரியும், பெஸ்ராவில் கட்டையாக நின்றுவிடும். அளவை மட்டும் நம்பவே கூடாது. இந்தக் கூட்டத்தில் பெண் பெரியது, ஆண் சிறியது. பெண் வல்லூறும் ஆண் பெஸ்ராவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அளவு வைத்துப் பிரிக்க முடியாது.

என் பறவை வாலை மடக்கியே வைத்திருந்தது. மடக்கிய வாலில் மேலிருக்கும் இறகு மட்டும்தான் தெரியும். காலைப் பாதி இலை மறைத்தது. சிறகு நுனி நீளமாகத்தான் பட்டது, ஆனால் "பட்டது" என்பதை வைத்து என்ன செய்வது? அன்று ராத்திரி என் குறிப்பேட்டில் வல்லூறு என்றும் எழுதவில்லை, பெஸ்ரா என்றும் எழுதவில்லை.

இங்கே உயரத்தைப் பற்றிக் கொஞ்சம். தம்பி சொன்னதில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெஸ்ரா அடர்ந்த காட்டுப் பறவை, தென்னிந்தியாவில் மேற்குத் தொடர்ச்சி மலைதான் அதன் வீடு. ஜெர்டன் என்ற மருத்துவர், சென்னை மாகாணத்துப் பறவைகளை எல்லாம் எழுதி வைத்தவர், 1839-ல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோதே 'பெஸ்ரா' என்ற இந்தப் பெயரைத்தான் வைத்தார். தென்னிந்திய, இலங்கைத் துணையினம் இன்றும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் மலை என்பது ஒரே இடமா? எங்கள் ஊரிலிருந்து லாங்வுட் சோலை கூப்பிடு தூரம்தான். 116 ஹெக்டேர் சோலைக்காடு, உள்ளே போனால் பகலிலேயே இருட்டு. அங்கே பெஸ்ரா இருக்கும் என்றால் நான் மறுக்கமாட்டேன். அந்தச் சோலையின் வேலிக்கு வெளியே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தேயிலை, காய்கறித் தோட்டம், வீடு, பஸ் ஸ்டாப், கோழிக் கொடாப்பு. திறந்த வெளியும் நாலு மரமும் எலியும் ஓணானும் இருந்தால் போதும் என்று ஆப்பிரிக்காவிலிருந்து வியட்நாம் வரை பரவிக் கிடக்கும் பறவை வல்லூறு. மலையை நாம் பாதி கீழ்நாடாக மாற்றி வைத்துவிட்டு, கீழ்நாட்டுப் பறவை இங்கே வராது என்று சொன்னால் எப்படி?

இன்னொன்றும் உண்டு, சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். மலைக்கு வருபவர்களுக்கு மலைப் பறவை வேண்டும். கோயம்புத்தூரில் காந்திபுரத்து மரத்தில் பார்க்கக்கூடிய பறவையைப் பார்க்க யாரும் நாலு மணிக்கு எழுந்து காரை எடுத்துக்கொண்டு மலை ஏறுவதில்லை. அதனால் சந்தேகத்தின் பலன் எப்போதும் அரிய பறவைக்கே போகிறது. பட்டியலில் ஒரு எண் கூடுகிறது. வல்லூறுக்கு எந்தப் பட்டியலிலும் புதிதாகக் கூடுவதற்கு எண் இல்லை, பாவம்.

சாம்பல் நிறத்தில் ஒருவர்

இளசு அந்தப் பக்கத்தை விட்டுப் போகவில்லை. காலையில் பேரிக்காய் மரம், வெயில் வந்தால் சில்வர் ஓக், பிறகு எங்காவது மறைந்துவிடும். கிளையில் போய் உட்காரும்போது தடுமாறும், சிறகை விரித்துச் சமாளிக்கும். ஒருமுறை மேரக்காய்ப் பந்தலின் கம்பியில் உட்காரப் பார்த்துத் தலைகீழாகப் போய்விட்டது. எனக்கு அந்தத் தடுமாற்றத்தில் வாலை விரித்துக் காட்டாதா என்றுதான் கவலை. காட்டும், ஆனால் கேமராவைத் தூக்குவதற்குள் மடக்கிவிடும்.

ஒருநாள் மூடுபனி இல்லை. இளசு சில்வர் ஓக் மரத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்தது. திடீரென்று உடம்பைத் தாழ்த்தி, சிறகைப் பாதி விரித்து நடுக்கிக்கொண்டு, கீ-கீ-கீ என்று விடாமல் கத்த ஆரம்பித்தது. கூப்பிட்ட திசையில் பார்த்தால் தேயிலைக்கு மேலே, செடிகளைத் தொடுகிற உயரத்தில், ஒன்று வேகமாக வந்துகொண்டிருந்தது. மரத்துக்கு அருகில் வந்ததும் நெட்டுக்குத்தாக ஏறி, இளசின் கிளையிலேயே உட்கார்ந்தது. காலில் ஒரு ஓணான்.

முதுகு வெளிர் சாம்பல், கறையே இல்லாத சாம்பல். மார்பில் இளஞ்செம்பழுப்பில் மெல்லிய குறுக்கு வரிகள், தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே நிறமாகத் தெரியும் அளவுக்கு மெல்லியவை. தொண்டைக் கோடு இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தது. வாலின் நடு இறகுகளில் பட்டையே இல்லை, வெறும் சாம்பல். அது தலையைத் திருப்பியபோது வெயில் கண்ணில் விழுந்தது. சிவப்பு. மஞ்சளோ ஆரஞ்சோ இல்லை, நல்ல சிவப்பு. வளர்ந்த ஆண் வல்லூறு. இதில் வாக்கெடுப்புக்கு இடமே இல்லை.

ஓணானை இளசு பறித்துக்கொண்டது. கொடுத்ததாகச் சொல்ல முடியாது, பறிப்புதான். தந்தை ஒரு நொடிகூட நிற்காமல் வந்த வழியே போய்விட்டது. இளசு ஓணானைக் காலடியில் அழுத்திக்கொண்டு, இரண்டு சிறகையும் விரித்து, வாலையும் விரித்து, இரையை மூடிக்கொண்டது. வேட்டைப் பறவைகள் இரையைப் பிறர் கண்ணிலிருந்து மறைக்க இப்படிச் செய்யும். அத்தனை நேரம் நான் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். விரிந்த வாலில் மெல்லிய கறுப்புப் பட்டைகள், நடுவே அகலமான வெளிர் இடைவெளி. ஓணானை அழுத்தியிருந்த விரல்கள் குட்டை. நடுவிரல் தனியாக நீண்டு தெரியவில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அந்த ஓணானும் ஒரு சங்கதி சொன்னது. பக்கவாட்டில் தட்டையான உடம்பு, பச்சையும் கரும்பழுப்புமான திட்டுகள். சாலியா என்று சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களில் மட்டும் இருக்கும் ஓணான் அது, எங்கள் வேலிகளில் சாதாரணமாகப் பார்க்கலாம். கீழே மேட்டுப்பாளையத்தில் தேடினால் கிடைக்காது. மலைக்கு வராது என்று சொல்லப்பட்ட பறவை, மலையில் மட்டுமே கிடைக்கும் உணவைத் தன் பிள்ளைக்குக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருக்கிறது.

குழுவில் இரண்டு படங்களையும் போட்டேன். சிலர் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் விடவில்லை: "அந்த ஆண் வல்லூறுதான் சார், சரி. அதுக்காக இதுவும் வல்லூறுன்னு எப்படிச் சொல்றீங்க? வேற வீட்டுப் பிள்ளையா இருக்கலாமே?" நியாயமான கேள்விதான். பிறத்தியார் பிள்ளைக்கு ஊட்டுவது பறவைகளில் நடக்காததில்லை, அக்காக்குயில் குஞ்சைத் தவிட்டுக்குருவிகள் வளர்ப்பதை நாமே பார்க்கிறோம். ஆனால் வல்லூறின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் பிழைத்துப் போகும் துணிச்சல் பெஸ்ராவுக்கு இருப்பதாக யாரும் எழுதியதில்லை. வாலும் விரலும் வேறு சாட்சிக்கு இருக்கின்றன. அவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தார். இதற்கு நடுவில் இன்னொருவர், வல்லூறு, பெஸ்ரா இரண்டையுமே ஆக்ஸிபிட்டர் பேரினத்திலிருந்து பிரித்து 2024-ல் டாக்கிஸ்பைசா என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள், நீங்கள் எல்லாரும் பழைய பெயரிலேயே சண்டை போடுகிறீர்கள் என்று எழுதினார். உண்மைதான். அதனால் வாலின் பட்டை மாறிவிடப் போவதில்லை.

அக்காவிடம் சொல்லப் போனேன். அவர் பெயரைப் பற்றிக் கேட்கவே இல்லை. "அது எத்தனை நாளைக்கு இங்க இருக்கும்? கோழிக்குஞ்சை எடுக்குமா, எடுக்காதா?" ஓணான், எலி, வெட்டுக்கிளி, சின்னக் குருவி, இவைதான் அதற்கு அன்றாடச் சாப்பாடு, ஆனால் கண்ணெதிரே குஞ்சு மேய்ந்தால் விட்டுவிடும் என்று சொல்ல மாட்டேன் என்றேன். "நெசத்தைச் சொன்னீங்க" என்று குஞ்சுகளைப் பகலிலும் கொடாப்பில் போட்டு மூடி வைத்தார். தாய்க்கோழி வெளியே நின்று நாள் முழுக்கக் கத்தியது. ஆடி பிறந்து கொஞ்ச நாளில் இளசு தானாக வேட்டைக்குப் பழகி எங்கோ போய்விட்டது. கொடாப்பைத் திறந்துவிட்டார்.

பிறகு ஒருநாள் அந்தத் தம்பியே கோத்தகிரிக்கு வந்திருந்தார். நல்ல பையன், என்னைவிடக் காது கூர்மை. லாங்வுட் சோலைக்குள் சேர்ந்து போனோம். பாதை திரும்பும் இடத்தில் ஒரு பழுப்புப் பறவை தலைக்கு மேலே குறுக்கே பாய்ந்து, ஒரு கிளையில் அரை நொடி உட்கார்ந்து, மரங்களுக்குள் போய்விட்டது. மார்பில் சொட்டுகள், தொண்டையில் தடித்த கோடு. "சார், இது சோலைக்குள்ள. இப்பவாவது பெஸ்ரான்னு ஒத்துக்குவீங்களா?" என்றார். நான் பட்டியலில் 'வல்லூறு வகை, இனம் உறுதியில்லை' என்று போட்டுக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டார்.

"வாலைப் பார்க்கலையே தம்பி" என்றேன்.